பெஞ்சுக்கு அடியில் வந்த சமாதானம்

ஆலயக் கதவு காற்றடித்தால் டமாரென்று சாத்திக்கொள்ளும். அதனால், வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடும் சிறுமி முன்னதாகவே வந்து, இடுக்கில் ஒரு துணியைத் திணித்தாள்.

"என்ன பண்றே?" என்றாள் அம்மா.

"சத்தம் வந்தா அப்பா பயந்துடுவார்மா."

அப்பா போரிலிருந்து திரும்பி வந்தவர். கூடப் போன சித்தப்பா திரும்பவில்லை. அதிலிருந்து அப்பாவுக்குச் சத்தம் ஆகாது. ஒரு கரண்டி விழுந்தால்கூட மேசைக்கு அடியில் போய்விடுவார். வெளியே வந்த பிறகு யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

இன்று போரில் இறந்தவர்களை நினைக்கும் ஆராதனை. சித்தப்பாவுக்காக அப்பா மெழுகுவத்தி ஏற்ற வேண்டும்.

"வர்றேன். முடியலேன்னா, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லித்தான் வந்திருந்தார்.

சுண்டெலி பாட்டுப் பாடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ இருமினார்கள். அப்பா பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். ஜன்னல் கொக்கி கிரீச்சிட்டது. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அவர்களுக்கு நேர் பின்வரிசையில் தையல்காரர் காணிக்கைத் தட்டைக் கைநழுவ விட்டார். பித்தளைத் தட்டு. கல் தரை.

சுண்டெலி திரும்பினாள். அப்பா இருந்த இடம் காலி.

அவர் பெஞ்சுக்கு அடியில் தலையை மூடிக்கொண்டு சுருண்டிருந்தார். எல்லாத் தலைகளும் திரும்பின.

"எழுந்திருங்கப்பா" என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. தானும் உள்ளே நுழைந்தாள். ஒரே தூசி.

"குண்டு இல்லப்பா. தட்டு."

"எனக்குத் தெரியுது. உடம்புக்குத் தெரியலையே."

"சரி, இங்கேயே இருப்போம். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"சித்தப்பாவுக்கும் இப்படிச் சத்தம் கேக்குமாப்பா?"

"இல்லம்மா. அவன் கர்த்தர்கிட்ட இருக்கான். அங்கே போர் கிடையாது."

சொல்லிவிட்டு, யாரோ தனக்கே அதைச் சொன்னதுபோல, அப்பா தலையிலிருந்து கையை எடுத்தார்.

மேலே போதகர் சமாதானம் கொடுக்கத் தொடங்கியிருந்தார். அந்த ஆலயத்தில் அது கைக்குக் கை வரும். வாங்கியவர் அடுத்தவர் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பாதியில் நிற்கக் கூடாது.

அம்மாவின் கை பெஞ்சுக்கு அடியில் நீண்டது. "சமாதானம்."

சுண்டெலி வாங்கிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்தாள். ஐஸ்கட்டிபோல் இருந்தது.

"சமாதானம்பா."

"சமாதானம்." அப்பா மெல்லக் கேட்டார். "அடுத்து யாரு?"

அவள் எட்டிப் பார்த்தாள். "தையல்காரர். முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. உங்களைவிட அவர்தான் பயந்திருக்கார்."

"அப்ப அவரைக் காக்க வைக்கக் கூடாது."

அப்பா ஊர்ந்து வெளியே வந்தார். சட்டையெல்லாம் தூசி. தையல்காரரின் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சிடுங்க தம்பி" என்றார் தையல்காரர்.

"சமாதானம் அண்ணே. ஊசி பிடிக்கிற கைக்குத் தட்டு கனம்தான்."

பிறகு மெழுகுவத்தியின் அருகே போனார். முதல் தீக்குச்சி நடுக்கத்தில் அணைந்தது. சுண்டெலி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது பற்றியது. சித்தப்பாவின் சுடர் நிமிர்ந்து நின்றது.

திரும்பி வரும்போது அப்பா கேட்டார். "அடுத்த வாரமும் இதே பெஞ்சுதானே?"

"ஆமாப்பா. அடியில பெருக்கி வைக்கிறேன்."