விளக்கைச் சுற்றிப் பன்னிரண்டு பேர்

விளக்கைச் சுற்றிப் பதினோரு பிள்ளைகள் நின்றார்கள். சுவரில் பன்னிரண்டு நிழல்கள் விழுந்திருந்தன.

பழியை முதலில் தன் கறுப்புக் கண்ணாடியின் மேல்தான் போட்டாள் தாஸ்யா. அதன் வழியே பார்த்தால் அறை முழுவதும் கரும்பச்சையாகத் தெரியும், எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அறையின் நடுவே இரும்புக் காலின் மேல் குவார்ட்ஸ் விளக்கு விடாமல் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. மின்னல் வெட்டி ஓய்ந்த பிறகு காற்றில் வருமே, மூக்குக்குள் சுருக்கென்று இழுக்கிற ஒரு வாசம், அது மூலைமுடுக்கெல்லாம் நிறைந்திருந்தது. ஜட்டி மட்டும் போட்ட பிள்ளைகள், ரப்பர் பட்டை வைத்த வட்டக் கண்ணாடிகளைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, யாரும் விளக்கின் பக்கம் போய்விடாதபடி கையோடு கை கோத்து வளையமாக நின்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் நிழல்களும் அப்படியே கைகோத்து நின்றன. அவளுடைய மகன் கேஷாவும் அவனுக்குப் பக்கத்தில் நின்ற லில்யாவும் மட்டும் கையை விட்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது, அந்த இடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு நிழல் இருந்தது. அதற்குக் கைகள் இல்லை. மேலே முக்காடு போட்டதுபோல் ஒரு கூம்பு, அதற்குக் கீழே ஒரே பருமனாக, கால்கள்கூடப் பிரியாமல்.

மணல் கடிகாரத்தில் மூன்று நிமிடம் தீர்ந்தது. விளக்கை அணைத்து மேலே இருந்த மஞ்சள் பல்பைப் போட்டாள். பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. காலை மணி பத்தரை.

எங்கள் ஊரில் நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி பாதியில்தான் திரும்பி வரும். அந்த ஏழு வாரமும் ஆள் சோர்ந்து படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே பாதி வேலை. பெரியவர்களே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள், பிள்ளைகள் எம்மாத்திரம். அதனால்தான் பாலர் பள்ளியில் தினமும் வெயிலுக்குப் பதிலாக இந்த விளக்கு, அதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியின் மேல் வெறுங்காலோடு நடை, பிறகு ஒரு கரண்டி மீன் எண்ணெய், அதை விழுங்க உப்புத் தடவிய கறுப்பு ரொட்டித் துண்டு. இதையெல்லாம் கண்டிப்பாக நடத்தியவள் நர்ஸ் தாஸ்யா. தன் வீட்டிலும் அதே கண்டிப்புத்தான். அவள் பிள்ளைகள் ஒரு தும்மல் போட்டுக்கூட யாரும் பார்த்ததில்லை. தாஸ்யா வீட்டுப் பூனையும் விடிந்ததும் உடற்பயிற்சி செய்கிறது என்று துறைமுகம் வரைக்கும் கேலி பேசினார்கள், அதைக் கேட்டு அவள் பெருமையாகச் சிரிப்பாள். அது போன குளிர்காலம் வரைக்கும்.

மதியத் தூக்கம் வெளி வராந்தாவில்தான். ரோமத் தோலில் தைத்த பைக்குள் பிள்ளையைக் கழுத்துவரை இறுக்கிக் கட்டி, முக்காட்டை இழுத்துவிட்டு, பனிக்காற்றில் வரிசையாகப் படுக்க வைப்பார்கள். மூக்கு மட்டும் வெளியே தெரியும். பிள்ளைகள் செத்தாற்போல் தூங்கும் என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

போன ஜனவரியில் ஒரு மதியம் திடீரென்று பனிப்புயல் பிடித்துக்கொண்டது, மின்சாரமும் போய்விட்டது. ஆசிரியை ஃபைனா பெத்ரோவ்னா இருட்டில் தடவித் தடவிப் பைகளை உள்ளே தூக்கி வந்தாள். பதினொன்று வந்தது. பன்னிரண்டாவது தாஸ்யாவின் மகள் உஸ்த்யா. நர்ஸ் தன் பிள்ளையைத் தன் அறைக்குத் தூக்கிப் போயிருப்பாள் என்று ஃபைனா நினைத்தாள். மற்றப் பிள்ளைகளோடு உள்ளே உட்கார்ந்து டீ குடிக்கிறாள் என்று தாஸ்யா நினைத்தாள். ஒரு மணி நாற்பது நிமிடம் இருவரும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பையைப் பனியிலிருந்து தோண்டி எடுத்தபோது பிள்ளையின் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. தூங்குகிறாள் என்றுதான் தாஸ்யா நம்பினாள். எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள், அந்த ஒரு கணத்துக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரண்டாம் நாளும் அந்த நிழல் வந்தது, மூன்றாம் நாளும். அது என்ன என்று தாஸ்யாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, பயந்ததெல்லாம் அதை வாய்விட்டுச் சொல்லத்தான். சொன்னால் வராமல் போய்விடுமோ என்ற பயம். நாலாம் நாள் கேஷாவையும் லில்யாவையும் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். அந்த இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மேல் பன்னிரண்டாவது கண்ணாடியை வைத்தாள். பிள்ளைகள் யாரும் அது யாருக்கு என்று கேட்கவில்லை. அதை அவள் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

கேஷாவின் விரல் நுனிகள் வெளுத்திருந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தாள். இடது கை மட்டும். சாயங்காலம் வீட்டில் அடுப்பங்கரை ஓரமாக உட்கார வைத்து வாத்துக் கொழுப்பைத் தேய்த்துவிட்டாள். பனியில் விறைத்த விரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்குள் சட்டை இல்லாமல் நிற்கிற அளவுக்குச் சூடு வைத்திருந்தார்கள்.

யார் கையைப் பிடித்தாய் என்று கேட்டாள்.

"அக்கா கைய. பையிலேர்ந்து அவளுக்குக் கை வெளிய வரமாட்டேங்குதும்மா. அதான் நான் உள்ள விட்டுப் பிடிச்சுக்கறேன்."

தாஸ்யாவின் விரல்கள் தேய்ப்பதை நிறுத்தின. "அவ என்னடா சொன்னா?"

"உள்ள ரொம்பக் குளிருதாம். விளக்கு பத்தலையாம்."

மறுநாள் அவள் மணல் கடிகாரத்தை இரண்டு தடவை திருப்பினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவள் ஒன்றும் அறியாதவள் அல்ல. மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் தோல் வெந்துவிடும் என்று மற்ற நர்ஸுகளுக்கு வகுப்பு எடுத்தவளே அவள்தான். பிள்ளைகளின் தோளும் மார்பும் சிவந்தன. கேஷா சாப்பாட்டுத் தட்டின் மேலேயே தலை சாய்ந்து தூங்க ஆரம்பித்தான். ஓடச் சொன்னால் நடந்தான், நடக்கச் சொன்னால் நின்றான். ஆனால் கன்னம் மட்டும் நாளுக்கு நாள் நல்ல நிறமாகிக்கொண்டே வந்தது. தெருவில் பார்த்தவர்கள், பிள்ளையை எப்படி வைத்திருக்கிறாள் பார் என்று மெச்சினார்கள்.

ஃபைனா பெத்ரோவ்னாதான் பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டும்போது கேட்டாள். "ஏம்மா தாஸ்யா, இதுங்கள விளக்குல காட்டுனியா, இல்ல வாணலில வறுத்து எடுத்தியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு முக்காலியைப் பார்த்தாள், அதன் மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுபோனது. பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். இருவரும் அந்த நாளைப் பற்றி ஒரு வருடமாகப் பேசியதே இல்லை.

"நான் பதினொண்ணு எண்ணினேன் தாஸ்யா. எண்ணிட்டு, மீதி ஒண்ண நீ தூக்கிட்டுப் போயிருப்பேன்னு விட்டுட்டேன். என்னைத் திட்டு, அடி, பேயாட்டம் கத்து. ஆனா இந்தப் பிள்ளைய விட்ராத. கேஷா கண்ணத் தொறக்க மாட்டேங்குறான்."

"ஃபைனா பெத்ரோவ்னா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல," என்றாள் தாஸ்யா. உண்மையாகவே இல்லை. கோபப்பட மனதில் இடமே இல்லை.

ஆனாலும் அந்தப் பேச்சு அவளை உலுக்கிவிட்டது. மறுநாள் கேஷாவைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு வந்தாள். பத்துப் பிள்ளைகள் நின்றார்கள். பத்து நிழல்கள் விழுந்தன. முக்காலிக்குப் பின்னால் வெறும் சுவர், அதில் சுண்ணாம்பு பெயர்ந்த ஓர் இடம். மூன்று நிமிடமும் அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கை அணைத்த பிறகு நர்ஸ் அறைக்குப் போய், வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். போன வருடம் சவப்பெட்டியை மூடியபோது இருந்த அதே வலி, அதே இடத்தில். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கேஷா எழுந்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். ஒரு தாய்க்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

போதவில்லை.

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கேஷா இல்லாவிட்டால் உஸ்த்யா வரமாட்டாள். வரட்டும், ஆனால் அவன் கையைப் பிடிக்க வேண்டாம். பெற்றவள் கையைப் பிடிக்கட்டும். ஒரே ஒரு நாள், மூன்றே நிமிடம். அதற்குப் பிறகு விளக்கும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம், கேஷாவைக் கூட்டிக்கொண்டு தெற்கே அக்காள் வீட்டுக்கு ரயிலேறிவிடலாம். வெயில் அடிக்கிற ஊர். இதை அவள் முழு மனதோடுதான் தீர்மானித்தாள்.

மறுநாள் கேஷாவை விளக்குக்கு அந்தப் பக்கம், தன்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்த முடியுமோ அவ்வளவு தூரத்தில், இரண்டு பெரிய பிள்ளைகளுக்கு நடுவே நிறுத்தினாள். முக்காலியைத் தனக்குப் பின்னால் நகர்த்தி, அதன் மேல் மணல் கடிகாரத்தை வைத்தாள். வளையத்தில் தானும் சேர்ந்து இடது கையால் லில்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையைச் சும்மா விட்டாள். அந்தக் கைக்கு அப்பால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம்.

விளக்கு பளீரென்று பற்றி, நடுங்கி, நீலமாக நிலைத்தது. ரீங்காரம் எழுந்தது. அந்த வாசம். முகத்திலும் கழுத்திலும் சூடு படர்ந்தது, முதுகுப் பக்கம் மட்டும் எங்கிருந்தோ ஒரு காற்று, கதவிடுக்கில் நுழைகிற வராந்தாக் காற்று. தோள் வழியாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அவள் நிழலுக்குப் பக்கத்தில் அது நின்றது. அவள் இடுப்பளவு உயரம்.

வலது கையை மெல்ல நீட்டினாள். ஈரமான ரோமம் தட்டுப்பட்டது. கழுத்துக் கயிறு. அதில் அவள் தானே போட்ட முடிச்சு. அதற்குள் கையை விட்டாள்.

ஐந்து விரல்கள்.

கட்டை விரலில் கடித்துத் தின்ற நகம். அதற்காக எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். இனி திட்டவே மாட்டாள். குளிர் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியது, அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி அறையே மிதந்தது. "கண்ணு," என்றாள். "அம்மாதான்டா. அம்மா வந்துட்டேன்."

மணல் தீர்ந்தது.

சுவிட்ச் கதவருகே இருந்தது. அணைக்க வேண்டுமானால் அந்தக் கையை விட வேண்டும். லில்யாவின் கையை விட்டாள். முக்காலிக்குத் திரும்பினாள். மணல் கடிகாரத்தைத் தலைகீழாக வைத்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை.

"தாஸ்யா அத்தை," என்றாள் லில்யா. "எனக்குக் கண்ணு சொக்குது."

குரல் தூக்கத்திலிருந்து வந்தது. தாஸ்யா அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள். லில்யாவின் நிழலில் கை இல்லை. இப்போதுதான் விட்டேன், தொங்கவிட்டிருப்பாள் என்று நினைத்தாள். மற்றக் கையும் இல்லை. தலை கூம்பாகியது. கால்கள் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

அடுத்த நிழல்.

அதற்கடுத்தது.

வளையத்தைச் சுற்றி அது போய்க்கொண்டிருந்தது, அவசரமில்லாமல், யாரோ ஒரு பிள்ளைக்குப் பிறகு இன்னொரு பிள்ளையாகக் கட்டிப் படுக்க வைப்பதுபோல. கேஷாவுக்கு இன்னும் மூன்று பேர். கேஷா, ஓடு என்று கத்த வாயைத் திறந்தாள். மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது, குரல் வரவில்லை. கையை இழுத்தாள். அந்த ஐந்து விரல்கள் விடவில்லை. காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்தாள். விடவில்லை. பெற்ற பிள்ளையின் கையை உதறப் பார்க்கிறோமே என்று அப்போதும் நெஞ்சு துடித்தது.

இரண்டு பேர்.

ஒருவர்.

"அம்மா," என்றான் கேஷா, விளக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கன்னம் இரண்டும் பழுத்துச் சிவந்திருந்தன. வாய் கொட்டாவி விட்டது. "இப்ப குளிரவே இல்லம்மா."

தாஸ்யா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு சுவர் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். விளக்கு ரீங்காரம் போட்டது. பிள்ளைகள் யாரும் அசையவில்லை. சுவரோடு சுவராகப் பன்னிரண்டு பைகள் வரிசையாக நின்றன, முக்காடு இழுத்துவிட்டு, கழுத்து இறுக்கிக் கட்டி. கைகள் இருந்த நிழல் அவளுடையது மட்டும்தான்.