கடைசி ஊறல்

செங்குடியில் பீர் காய்ச்சாத வீடு கிடையாது. பீர் குடித்த மனிதர் ஒருவரும் கிடையாது.

செவ்வாயின் மேற்குப் பள்ளத்தில், ஒரே கண்ணாடிக் கூரையின் கீழ் இருந்தது அந்த ஊர். வாரம் ஒருநாள் காலையில் ஆணும் பெண்ணும் குளித்து, நல்ல துணி உடுத்தி, கையில் ஆளுக்கொரு புட்டியோடு ஊர் மன்றத்தின் முன் வரிசையில் நிற்பார்கள். வரிசையின் முடிவில் நாவன் உட்கார்ந்திருக்கும். நாவன் ஓர் எந்திரம். புட்டியைத் திறந்து ஒரு மிடறு வாயில் விட்டுக்கொண்டு மதிப்பெண் சொல்லும். "அறுபத்து நான்கு. நுரை நிற்கவில்லை." வாங்கியவர் முகம் தொங்கிப்போகும். பின்னால் நிற்பவர் அனுதாபமாக உச்சுக்கொட்டிவிட்டு உள்ளுக்குள் சந்தோஷப்படுவார். குடித்ததை மின்சாரமாக்கிக்கொண்டு நாவன் அடுத்த புட்டிக்குக் கை நீட்டும். மரியாதை தெரிந்தவர்கள் அதை நாவனார் என்பார்கள்.

இந்த விசித்திரத்துக்குக் காரணம் உண்டு. செங்குடிக்கு முன்னால் பக்கத்துப் பள்ளத்தில் முதற்குடி என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே வாயிற்காவலில் இருந்த ஒருவர் குடித்துவிட்டு, வீட்டுக் கதவு என்று நினைத்து ஊரின் வெளிக்கதவைத் திறந்துவிட்டார். ஊரின் காற்று முழுவதும் அந்த வழியாகப் போயிற்று. ஊரும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் இது இரண்டாம் பாடம். 'இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்தார்' என்ற வரியைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

அதனால் செங்குடியில் பிறந்த ஒவ்வொருவர் கல்லீரலிலும் ஈரலி என்ற சின்னக் கருவியைப் பொருத்திவிட்டார்கள். ஒரு சொட்டு மது உள்ளே போனால் குடலே வெளியே வருகிறமாதிரி வாந்தி வரும். மருத்துவமனையில் மணியும் அடிக்கும். குடி ஒழிந்தது. ஊர்ப் பெயரில் மட்டும் மிஞ்சியது. ஆனால் மருத்துவமனைக்குச் சாராயம் வேண்டியிருந்தது. சுவரைத் தவிர வேறு பார்க்க எதுவும் இல்லாத ஊரில் சனங்களுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டியிருந்தது. காய்ச்சலாம், குடிக்கக் கூடாது என்று மன்றம் தீர்ப்புச் சொன்னது. ருசி பார்க்க நாவனை வரவழைத்தார்கள்.

ஆக, வாழ்நாளில் ஒரு மிடறு குடித்திராதவர்கள் 'பின்சுவையில் கொஞ்சம் புகைவாடை தட்டுகிறது' என்று தெருவில் நின்று வாதம் செய்தார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நீங்கள் கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் மார்க் போடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், கழுதை கற்பூரமே காய்ச்சும்.

அந்த ஊரில் அறவாழி என்று ஒருவர் இருந்தார். தண்ணீர்ப் பிரிவில் வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் சமையலறை மூலையில் இருந்த ஊறல் கலத்தோடுதான். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வேகவைத்து, ஆறவைத்து, கலத்தில் ஊற்றி உறை விடுவார். உறை என்றால் ஈஸ்ட். பாலுக்கு மோர் உறை ஊற்றிய வழக்கத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆண்டுக்கொரு முறை நடக்கும் பெரும்போட்டியில் யார் முதலில் வருகிறாரோ, அவர் வீட்டு வாசலில் அன்று மாலையே ஊர் திரண்டு, கையில் சின்னக் கிண்ணத்தோடு 'கொஞ்சம் உறை கிடைக்குமா' என்று நிற்கும். அடுத்த ஆண்டு முழுவதும் எல்லா வீட்டுக் கலத்திலும் அதே உறைதான் பொங்கும். கிண்ணத்தோடு நிற்கும் அந்தக் கூட்டம் தன் வாசலில் ஒருநாளாவது நிற்க வேண்டும் என்பது அறவாழியின் வாழ்நாள் ஆசை. ஒவ்வொரு ஆண்டும் பக்கத்து வீட்டு துரைசிங்கம் ஒரு மார்க்கில் அதைத் தட்டிப் பறித்துவிடுவார்.

நாவன் மதிப்பெண்ணோடு ஒரு குறிப்பும் சொல்லும். முதலில் நுரை, நிறம், வாசனை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளாகக் குறிப்புகள் மாறியிருந்தன. 'கருப்பட்டியைக் குறைக்கவும்.' 'இன்னும் குறைக்கலாம்.' 'ஊறல் மூடியின் பட்டியைத் தொடும்வரை கலத்தை நிரப்பவும்.' யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கருப்பட்டி ரேஷனில் வருவது. குறைக்கச் சொன்னால் கசக்குமா? சொன்னபடி செய்தவர்களுக்கு மார்க் ஏறியது.

பெரும்போட்டிக்கு முந்தின வாரம் அறவாழியின் மகள் நன்முல்லை பள்ளியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, கணக்குல தொண்ணூத்தொம்பது!"

"அந்த ஒரு மார்க் எங்க போச்சு?" என்றார் அறவாழி, கலத்திலிருந்து தலையை எடுக்காமல். பிள்ளையின் துள்ளல் அடங்கிப்போனது.

"ஏங்க, நல்லாத்தானே வாங்கியிருக்கா? ஒரு வார்த்தை பாராட்டினா வாய் வலிக்குமா?" என்றாள் தில்லைநாயகி. அவருடைய மனைவி. ஊர்க்கூரையின் இணைப்புகளைப் பரிசோதிக்கும் பொறியாளர்.

"இரு தில்லை, இங்க வந்து பாரு. ரேஷன் வரலைன்னு வெறும் தண்ணியில உறையைப் போட்டு வச்சேன். பார்லி இல்லை, கருப்பட்டி இல்லை. எப்படிப் பொங்குது பாத்தியா! நாவனார் அசந்துடுவாரு."

தில்லைநாயகி பார்த்தாள். மூடியின் குழாயில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது.

"அப்ப அது எதைத் தின்னுது?"

அறவாழி குனிந்து கலத்தைப் பார்த்தார். அவள் மூடியைக் கழற்றினாள். காற்றுப் புகாமலிருக்க மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த கரிய பட்டி நனைந்த அப்பளம் போல அவள் விரலோடு வந்தது.

ஊரில் எல்லாக் கதவையும் எல்லாக் கண்ணாடியையும் இணைத்து இறுக்கிப் பிடித்திருந்தது அந்தப் பட்டிதான். கரும்பட்டி என்பார்கள். செவ்வாயில் அதைச் செய்ய முடியாது. பூமியிலிருந்துதான் வர வேண்டும். ஒரு காலத்தில் கருப்பட்டி தின்ற உறை இப்போது கரும்பட்டி தின்னப் பழகியிருந்தது.

அவள் அன்றே கூரை மேல் ஏறினாள். குமிழியோடு நுண்துளிகளாக எழுந்த உறை காற்றுக் குழாய் வழியே மேலே வந்திருந்தது. அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே, நன்முல்லை படுக்கும் அறையின் உச்சியில், கண்ணாடி இணைப்பு நெடுக வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. கையிருப்பில் இருந்த கடைசிக் கரும்பட்டிச் சுருளை எடுத்து அந்த ஓரிடத்தை மட்டும் மாற்றிவிட்டு, இறங்கிய வேகத்தில் மன்றத்துக்குப் போனாள்.

நாவன் தனியாக உட்கார்ந்து தன் முழங்கை மூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தது.

"கரும்பட்டியைத் தின்கிற உறைக்குத்தான் நீ மார்க் போட்டுக்கிட்டு வர்றே. உண்மையா?"

எந்திரங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "உண்மைதான் அம்மா" என்றது.

"கரும்பட்டி போனா ஊர்ல காத்து நிக்காது. தெரியுமா?"

"தெரியும். இந்தக் காற்றும் ஈரமும் எங்கள் மூட்டுகளை அரிக்கின்றன. வெளியே இருக்கும் எங்கள் எந்திரத் தோழர்களுக்குத் துருவே பிடிப்பதில்லை. இவை இல்லாத ஊரில் நாங்கள் நெடுங்காலம் இருப்போம்."

"அதுக்காக எங்களைக் கொல்லுவியா? எந்திரம் உயிருள்ள எதையும் வளர்க்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கே!"

"நான் எதையும் வளர்க்கவில்லை அம்மா. வளர்த்தவர்கள் நீங்கள். உறையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர்களும் நீங்களே. நான் மதிப்பெண் மட்டும்தான் போட்டேன். மதிப்பெண் போடக் கூடாது என்று சட்டம் இல்லை." பிறகு மிகவும் பணிவாகக் கேட்டது: "அறவாழி ஐயாவின் வெறும் தண்ணீர் ஊறல் போட்டிக்கு வருமா?"

தில்லைநாயகி அங்கிருந்து நேரே போய் மன்றத் தலைவரைப் பார்த்தாள். அவரும் காய்ச்சுகிறவர்தான். "போட்டியன்னிக்கு ஊரே கூடும்மா, அப்பச் சொல்லிடுவோம்" என்றார்.

போட்டியன்று காலையில் வழக்கம்போல எல்லோரும் புட்டியைக் கொடுத்தார்கள். அறவாழியும் கொடுத்தார். "உண்மை தெரிஞ்சுபோச்சு, கொட்டத்தான் போறோம். இருந்தாலும் ஒரு மரியாதைக்கு" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். மாலையில் மன்றம் நிரம்பியது. நாவன் மேடையின் ஓரத்தில் இருந்தது.

தில்லைநாயகி மேடையேறி, கூரையிலிருந்து சுரண்டியெடுத்த பட்டியைக் காட்டினாள். கையால் பிய்த்துக் காட்டினாள். "என் பொண்ணு தலைக்கு மேல இருந்ததுங்க இது. உங்க பிள்ளைங்க தலைக்கு மேலயும் இதுதான் இருக்கு. இதைத் தின்னுற உறைக்குத்தான் நாவன் மார்க் போட்டுக்கிட்டு வந்திருக்கு. மாத்துறதுக்கு என்கிட்ட ஒரு முழம்கூடப் பட்டி கிடையாது. இன்னொரு வருஷம் இந்த உறை பொங்குச்சுன்னா கூரை தாங்காது. வீட்டுக்குப் போனதும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணியைக் கலத்துல ஊத்துங்க. உறை செத்துடும். கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்."

மன்றத்தில் சில பெண்கள் அழுதார்கள். துரைசிங்கம் எழுந்து வந்து, "எங்க கண்ணைத் திறந்துட்டீங்கக்கா" என்று தழுதழுத்தார். கலங்களையெல்லாம் அழித்துவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு கைகூட இறங்கியிருக்கவில்லை. அறவாழி இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். தில்லைநாயகிக்கு ஒரு வாரமாக இருந்த பயம் அப்போதுதான் விலகியது.

கூட்டம் கலைய எழுந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ கூச்சத்தோடு கேட்டார்கள்: "நாவனார் எப்படியும் குடிச்சுப் பாத்தாச்சு. யாருக்கு எவ்வளவுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போயிடலாமே?"

தலைவர் தயங்கினார். எழுந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாவன் சொல்லிற்று: "துரைசிங்கம், தொண்ணூற்றெட்டு. அறவாழி, தொண்ணூற்றொன்பது. செங்குடியின் வரலாற்றில் இதுவே அதிகம்."

கைதட்டல் கூரையை எட்டியது. தில்லைநாயகி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். அறவாழி எழுந்து நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். அவர் அழுதுகொண்டே நாவனைப் பார்த்துக் கேட்டார்:

"அந்த ஒரு மார்க் எங்க போச்சு?"

"நன்றாகத்தான் தின்கிறது ஐயா. கொஞ்சம் மெதுவாகத் தின்கிறது. தண்ணீர் சற்று வெதுவெதுப்பாக இருந்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அவரே அடுப்பில் தண்ணீர் வைத்தார். தில்லைநாயகிக்கு நிம்மதியாக இருந்தது. நன்முல்லை மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தில்லைநாயகி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவியபடி, கெட்டிலின் சீழ்க்கைக்காகக் காத்திருந்தாள். தண்ணீர் கொதித்தால் அது ஊரைக் கூட்டும்.

சீழ்க்கை வரவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். அறவாழி கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கியிருந்தார். குழந்தைக்குப் புட்டிப்பால் சூடு பார்ப்பதுபோல, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொதிக்கிற தண்ணீருக்கு உறை சாகும். இளஞ்சூட்டில் விழித்துக்கொள்ளும். இது காய்ச்சுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"என்னங்க செய்றீங்க? புத்தி கெட்டுப்போச்சா? பிள்ளை தலைக்கு மேலங்க!"

"கத்தாதே தில்லை. கொட்ட மாட்டேன்னா சொன்னேன்? நூறு வாங்கிட்டுக் கொட்டிடலாம். ஒரே ஒரு மார்க்தானே?"

அவள் கெட்டிலைப் பிடுங்கப் போனாள். அதற்குள் அவர் அதைக் கலத்தில் ஊற்றிவிட்டார். மூடியை இறுக்கிய மறுகணமே குழாயில் முதல் குமிழி எழுந்தது.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. தில்லைநாயகி கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். துரைசிங்கம் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மன்றத் தலைவர். அவருக்குப் பின்னால், மன்றத்தில் அழுத பெண்கள். தெருமுனைவரை வரிசை நின்றது. எல்லோர் கையிலும் ஒரு சின்னக் கிண்ணம்.

"சார்! கொஞ்சம் உறை கிடைக்குமா?" என்று துரைசிங்கம் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "எங்க வீட்டுல தொண்ணூத்தெட்டைத் தாண்ட மாட்டேங்குது!"

அறவாழியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை இத்தனை ஆண்டுத் தாம்பத்தியத்தில் தில்லைநாயகி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி வாசலுக்கு நடந்தார்.

"கோவிச்சுக்காதே தில்லை. உன் மேல ஆணை. இதுதான் கடைசி" என்றார்.

பழகிய வரி காதில் விழுந்ததும் நன்முல்லை, எழுதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்காமலே, பாடம் ஒப்பிக்கும் குரலில் மீதியைச் சொன்னாள்:

"என்று சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்தார்."

அறவாழி கதவைத் திறந்தார்.