ஜீப்புக்குப் புது பம்பர்

ஜீப்பை விற்கப் போவதாக அப்பா சொன்ன அன்று ராஜகுமாரி சாப்பிடவில்லை. உப்புமா என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் ஜீப்தான் பெரிய காரணம்.

அவள் அப்பா ரவிச்சந்திரன், நீலகிரி மலையில் அவர்கள் ஊரான இத்தலார் தோட்டங்களில் பறிக்கும் பச்சைத் தேயிலையை அந்த ஜீப்பில் ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோவார். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் ராஜகுமாரி பள்ளிக்கூடம் போவாள். ஐந்தாம் வகுப்புக்கு வரும் வரை அவள் பஸ்ஸில் போனதே இல்லை.

அந்த வருடம் தேயிலை விலை படுத்துவிட்டது. பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று பலரும் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. கடைசியில் ஃபேக்டரியையும் மூடிவிட்டார்கள். ஏற்ற மூட்டை இல்லாமல் ஜீப் வாசலில் சும்மா நின்றது. அப்பா கேத்தியில் கேரட் கழுவும் வேலைக்குச் சொல்லி வைத்தார்.

ஜீப்பை வாங்க வந்தவர் தபித்தாள் சிஸ்டர். ஊட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஊர்களுக்கு மருந்து கொண்டுபோக அவருக்கு ஜீப் வேண்டியிருந்தது.

"வண்டி பிடிச்சிருக்குங்க. ஆனா முன்னாடி பலமா ஒரு பம்பர் வேணும். சேத்துல மாட்டினா இழுத்துக்கிட்டு வர வின்ச்சும் வேணும்" என்றார் சிஸ்டர். வின்ச் என்றால் இரும்புக் கயிறு சுற்றிய உருளை. கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிட்டால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும்.

பம்பர் மாட்டும் வேலை எட்மண்ட் மாமாவின் வெல்டிங் பட்டறையில் நடந்தது. அது குன்னூரில் இருந்தது. பள்ளி விடுமுறை என்பதால் ராஜகுமாரியும் அப்பாவோடு போனாள்.

எட்மண்ட் மாமா முதலில் இரும்பைத் தொடவே இல்லை. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி ஜீப்பின் மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"விளையாடறீங்களா மாமா?"

"தப்பெல்லாம் மொதல்ல அட்டைல பண்ணிக்கோணும் அம்முணி. அப்பத்தான் இரும்புல பண்ண மாட்டோம்" என்றார் அவர்.

அட்டையின் அளவுக்குத் தகடு வெட்டினார். துளை போட்டார். குழாயை வளைத்துப் பற்றவைத்தார். நடுவில் வின்ச்சை உட்கார வைத்து, எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கிப் பார்த்தார். ஜீப்புக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் ராஜகுமாரி அதைக் கவனித்தாள். ரேடியேட்டருக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதை வின்ச் முழுதாக மறைத்துவிட்டது.

இத்தலார் குளிரில் காலையில் ஜீப்பின் பேட்டரி வேலை செய்யாது. அப்பா அந்த ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் சொருகிச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்புவார். எட்மண்ட் மாமா ஜீப்பைப் பார்த்ததெல்லாம் மத்தியான வெயிலில். அவருக்கு எப்படித் தெரியும்?

"எல்லாஞ் சரிதானுங்களா ரவி?"

"சரிதானுங்க" என்றார் அப்பா, போல்ட்டைப் பார்த்தபடி.

ராஜகுமாரி வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? காலையில் வண்டி கிளம்பாது. இந்த ஓட்டை வண்டி வேண்டாம் என்று சிஸ்டர் போய்விடுவார். ஜீப் வீட்டிலேயே இருக்கும்! அவளுக்கு ஒரே சந்தோஷம். யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம்.

மறுநாள் மாலை ராஜகுமாரியும் அப்பாவும் பட்டறையில் இருந்தபோது சிஸ்டர் வேலையைப் பார்க்க வந்தார். புது பம்பரைத் தடவிப் பார்த்து, "இது போன மாசமே இருந்திருக்கணும்" என்றார்.

"போன மாசம் என்ன ஆச்சுங்க சிஸ்டர்?" என்று கேட்டாள் ராஜகுமாரி.

"ஒரு அம்மாவுக்குப் பிரசவ வலி. நாங்க போன வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. கம்பளியில படுக்க வெச்சுத் தூக்கிட்டு நடந்தோம். ரொம்ப தூரம்."

"அந்தம்மா?"

"அவங்க பொழைச்சுட்டாங்க. பாப்பாதான்..." சிஸ்டர் மறுபடியும் பம்பரைத் தடவினார்.

 உறைபனிக் காலையில் சிஸ்டர் சாவியைத் திருகித் திருகிப் பார்ப்பதும், எங்கோ ஒரு அம்மா காத்துக்கொண்டிருப்பதும் ராஜகுமாரியின் கண் முன்னால் வந்தன. நேற்றைய சந்தோஷத்தை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மாமா, ஹேண்டில் போடற ஓட்டை மறைஞ்சிருச்சுங்க" என்றாள்.

எட்மண்ட் மாமா குனிந்து பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். கிரீஸ் கை நெற்றியில் அப்படியே பதிந்தது.

"அடடா! அப்ப எல்லாத்தையும் கழட்டோணுமே?"

"வின்ச்சை மட்டும் நாலு விரல் கீழ எறக்குனாப் போதுமுங்க. ஹேண்டிலைச் சொருகி வெச்சுக்கிட்டே அட்டை வெட்டிப் பாருங்க."

அவளே சீட்டுக்கு அடியிலிருந்து ஹேண்டிலை எடுத்து வந்து சொருகிப் பிடித்துக்கொண்டாள். எட்மண்ட் மாமா புது அட்டை வெட்டினார். நாலு விரல் சரியாக இருந்தது.

"நாளையிலிருந்து நீ பட்டறையப் பாத்துக்கோ அம்முணி. நான் அஞ்சாங்கிளாஸ் போறேன்" என்றார் அவர். சிஸ்டர் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை புல்லெல்லாம் பனியில் வெளுத்திருந்தது. வாசலில் நின்ற ஜீப்பை எடுத்துப்போக சிஸ்டர் வந்தார். சாவியைத் திருகினார். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

ராஜகுமாரி ஹேண்டிலை நீட்டினாள்.

"கட்டைவிரலையும் மத்த விரலோட ஒரே பக்கமா வையுங்க சிஸ்டர். ஹேண்டில் எதிர்த்து அடிச்சா விரல் ஒடிஞ்சு போயிரும்."

மூன்றாவது சுற்றில் ஜீப் இருமிக்கொண்டே கிளம்பியது. சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். வளைவில் திரும்பியதும் ஜீப் மறைந்தது. ராஜகுமாரி வாசல் படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

அப்பா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஓட்டை மறைஞ்சத நானும் பாத்தேன் கண்ணு. நீ பாத்த அன்னிக்கே."

ராஜகுமாரி அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "அப்பறம் ஏம்ப்பா சொல்லல?"

"நீ எதுக்கு அன்னிக்குச் சொல்லலையோ, அதுக்குத்தான்."

அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர் மலை ஏற்றத்தில் ஜீப்பின் சத்தம் கேட்டது. அது கேட்காமல் போகும் வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் எங்கேயும் நிற்காமல் ஏறிப் போனது.