திரும்பி வந்த மதர்போர்டு

அடித்தட்டிலிருந்து உருவியெடுத்த மதர்போர்டு இளஞ்சூடாக இருந்தது. மின்சாரம் கண்டு எத்தனை மாதமோ, படிந்திருந்த தூசியில் விரலால் பெயர் எழுதலாம். ஆனாலும் மடியிலிருந்து இறங்கிய பூனைபோல் அது அனுவாரின் உள்ளங்கையில் கதகதத்தது. தகரக் கூரை, பகல் முழுக்க வெயில், வேறென்ன என்று அவன் உதட்டைப் பிதுக்கினான். பக்கத்தில் கிடந்த மற்ற மதர்போர்டுகள் சில்லென்று இருந்தன. அதை அவன் யோசிக்கவில்லை.

"அது வேணாம் உஸ்தாத்," என்றார் கடைக்காரர் ஹாஜி மிலூத். "மூணு தடவ திரும்பி வந்துடுச்சு."

அனுவாருக்குச் சிரிப்பு வந்தது. கசாபிளாங்காவின் இந்தப் பழைய சாமான் சந்தையில் எதுவும் திரும்பி வராது. வாங்குகிறவன் தன் பிராசசரைக் கையோடு கொண்டுவந்து, கடையிலேயே மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். வாசலைத் தாண்டினால் பேச்சே கிடையாது. கிழவர் விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறார்.

"வாங்கினவன் திருப்பிக் கொண்டுவந்தானா?"

"அவங்க எங்க வந்தாங்க? வீட்டு ஆளுங்கதான் வச்சிட்டுப் போனாங்க. காசுகூடக் கேக்கல."

"கழுதைங்க," என்றான் அனுவார்.

உலகத்தில் பாதிப் பேர் கழுதைகள் என்பது அவன் முடிவு. அதில் முதல் இடம் மனைவியின் தம்பி ஜவாதுக்கு. நேற்று நோன்பு திறக்கும்போது மொத்தக் குடும்பத்தின் நடுவே, "அந்தப் பழைய கம்ப்யூட்டரக் குப்பையில போடுங்க மச்சான், நான் புதுசு வாங்கித் தரேன்," என்று தோளில் தட்டினான். ஊரே உஸ்தாத் என்று மதிக்கும் கணக்கு வாத்தியாரின் தோளில்! நாளை ராத்திரிக்குள் ஓட வைக்கிறேன் என்று அனுவார் சபதம் போட்டுவிட்டான். அந்த நாளைதான் இன்று.

மற்றவர்களைப்போல் பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவன் அல்ல அவன். அவனுடைய பிராசசர் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. அதன் அடிப்பக்கம் வெறும் பொன் புள்ளிகள்தான். ஊசிகள் இருப்பது மதர்போர்டின் சாக்கெட்டில். மயிரிழை போன்ற ஆயிரத்துச் சொச்சம் வில் ஊசிகள். ஒன்று மடங்கினாலும் சனியன்தான். செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, வயல் நாற்றுபோல் வரிசை குலையாமல் நின்றன. கெப்பாசிட்டர்களின் தலைகள் உப்பாமல் தட்டையாக இருந்தன. சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. மதர்போர்டின் சின்னச் சில்லுக்குள் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரலுக்கு அந்தப் பிராசசரை அடையாளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விசிறி சுற்றும், திரை இருட்டாகவே கிடக்கும். இது புரியாமல்தான் ஊரே இங்கு வந்து ஏமாறுகிறது.

வெளியே கதவுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து இறங்கின. ஹரீராக் கஞ்சியின் தக்காளி மணம் சந்துக்குள் வந்தது.

"நோன்பு திறக்கச் சங்கு ஊதப் போகுது உஸ்தாத். எதிர்ச் சந்துல எல்லாரும் உக்காந்தாச்சு. கஞ்சி குடிச்சிட்டு வந்து மாட்டிப் பாருங்க."

இந்தப் பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம் பொருளை மாற்றி வைத்துவிடுவார். "நீங்க போங்க ஹாஜி. இத ஓட்டிப் பாக்காம நான் அசையறதா இல்ல."

"என் வண்டிக் கழுதைகூட இந்நேரம் தீனி தின்னப் போயிடும்," என்று முணுமுணுத்த ஹாஜி, மூன்று பேரீச்சம்பழங்களை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை இழுத்துக்கொண்டு போனார்.

அனுவார் மதர்போர்டை மேசையில் திருகிப் பூட்டி, பிராசசரைச் சாக்கெட்டில் இறக்கி, சூடு கடத்தும் பசை தடவி, மேலே விசிறியைப் பூட்டி, மின்சாரம் கொடுத்தான். திரை வெளிச்சமானது. பிராசசரின் பெயர் எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. ஜவாதின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தான்.

வெப்பம்: முப்பத்தேழு டிகிரி.

இப்போதுதான் உயிர் பெற்ற பிராசசரின் சூடு ஏறிக்கொண்டே போக வேண்டும். இது காய்ச்சலில்லாத மனித உடம்புபோல் முப்பத்தேழிலேயே நின்றது. மட்டமான சென்சார் என்று ஏளனமாக நினைத்துக்கொண்டான்.

சங்கு ஊதி ஓய்ந்தது. சந்தை மொத்தமும் ஒரே நொடியில் வாயடைத்துப்போனது. எங்கோ தூரத்தில் கரண்டிகள் கிண்ணங்களில் உரசும் சத்தம், தகரம் குளிர்ந்து சுருங்கும் சத்தம், அவற்றுக்குக் கீழே, இதுவரை காதில் விழாத விசிறியின் சத்தம். ஏறியது. இறங்கியது. சூடு கூடினால் மதர்போர்டு விசிறியை வேகமாக்கும், குறைந்தால் தணிக்கும், அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் சூடுதான் மாறவே இல்லையே. ஏறியது. இறங்கியது. பேரீச்சம்பழத்தை எடுக்க நீண்ட அவன் கை பாதியில் நின்றது.

அவன் மூச்சும் அப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மூச்சை அடக்கினான். விசிறி நின்றது.

விட்டான். சுழன்றது.

நாய்போல் இளைத்தான். அதுவும் இளைத்தது. முட்டாள்தனம் என்று சிரித்தான். சிரிப்பின் ஒவ்வொரு குலுங்கலுக்கும் விசிறி வெட்டி வெட்டி இழுத்தது.

சுவிட்சை அணைத்தான். திரை செத்தது. விசிறி ஓடியது.

பிளக்கைப் பிடுங்கினான். ஓடியது.

விசிறியின் ஒயரை மதர்போர்டிலிருந்து வெடுக்கென்று உருவினான்.

நின்றது.

அவன் நெஞ்சும் நின்றது.

வாய் திறந்திருந்தது. காற்று வரவில்லை. ஒயரைத் திரும்பச் செருகினான். பிளக்கைச் செருகினான். சுவிட்ச். எதுவும் அசையவில்லை. கண்ணோரம் இருட்டியது. விரலை நீட்டி விசிறியின் இதழைத் தள்ளினான்.

ஒரு சுற்று. ஒரு வாய்க் காற்று.

மறுபடி தள்ளினான். ஒரு வாய். கத்தப் பார்த்தான். காற்று உயிருக்குத்தான் போதுமாக இருந்தது, குரலுக்கு இல்லை. எழுந்து ஓட நினைத்தான். மேசையில் பூட்டியதைத் தூக்கிப் போக முடியாது, ஓர் அடி வைத்தால் விரல் எட்டாது.

செல்போன் அதிர்ந்தது. இடக்கையால் தடவி எடுத்தான்.

"என்ன மச்சான், ஓடுதா?" ஜவாதின் குரல். பின்னால் தட்டுகளின் ஓசை, குழந்தைகள், மனைவியின் சிரிப்பு.

ஒரு சுற்று. ஒரு சுற்று.

"ஹலோ? ஏய், சும்மா இருங்க எல்லாரும்." அந்தப் பக்கம் அமைதியானது. ஜவாத் உன்னிப்பாகக் கேட்டான். "அட, விசிறிச் சத்தம் கேக்குது! ஓட வச்சிட்டாரே மனுஷன். சரி மச்சான், நீங்க ஜெயிச்சீங்க, நான் தோத்தேன். வேலையப் பாருங்க."

இணைப்பு அறுந்தது.

எதிர்ச் சந்தில் யாரோ இரண்டாம் கிண்ணம் கேட்டார்கள். அதன்பின் தொழுகை. அதன்பின் தேநீர். இதழின் விளிம்பு விரல்நுனியைக் கிழித்திருந்தது. ரத்தம் பட்ட பிளாஸ்டிக் வழுக்கத் தொடங்கியது.

தள்ளினான். வழுக்கியது. தள்ளினான்.

அரைச் சுற்று.