இடது கதவின் கண்ணாடி

வல்லார்பாடத்திலிருந்து ஆலுவா வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், பேயைச் சம்பளமில்லாமல் வேலைக்கு வைத்திருக்கும் மனிதன் ஒருவன்தான் கிடைப்பான். அது நான். ஆறு மாதமாக எங்கள் வேனுக்கு அதுதான் கிளீனர். ஒரு நாள் லீவு இல்லை. ஓணத்துக்கு போனஸ்கூடக் கேட்கவில்லை.

நம்ப மாட்டீர்கள். என் மனைவி சீனியம்மாளும் நம்பவில்லை. "இவரு சொல்றதுல முக்காவாசியக் கழிச்சிட்டு மிச்சத்தக் கேளுங்க" என்று மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியபோது ஒருமுறை கொக்கியில் திமிங்கிலம் மாட்டியது என்று சொன்னேன். அன்றிலிருந்து இப்படி. மாட்டியது சுறாதான். சரி, சின்னச் சுறா.

நான் ஓய்வு பெற்றதும், அவள் சுடும் முறுக்கை எர்ணாகுளம் கடைகளுக்குக் கொண்டுபோக, தோப்பும்படி ஊர்க்காரர் சேவியரிடம் பழைய வேன் ஒன்றை வாங்கினோம். நோவா தன் பேழையை விற்றுவிட்டு வாங்கிய வண்டியாக இருக்கும். என் பக்கத்துக் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொள்ளும். இடது கதவில் கண்ணாடியே இல்லை; தார்ப்பாய்த் துண்டு ஒன்று தொங்கியது.

"அந்த சைடில கண்ணாடி நிக்காது, முத்துச்சேட்டா" என்றார் சேவியர், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூன் மழை இறங்கியது. தார்ப்பாய் வழியாகத் தண்ணீர் வந்து முறுக்கு நமத்துப்போனது. இரண்டு கடைக்காரர்கள் டின்னைத் திருப்பியனுப்பினார்கள்.

"இன்னொருக்கா நமத்துச்சு, வண்டி பழைய இரும்புக்குத்தான். நீங்களும் கூடவே ஏறிக்கிடுங்க" என்றாள் சீனியம்மாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

வேனைக் காப்பாற்ற, கண்ணாடி வேலை செய்யும் ஷாபாஸிடம் ஓட்டிப்போனேன். இரண்டு கதவுக்கும் புதுக் கண்ணாடி, புது ரப்பர், பொத்தானை அமுக்கினால் ஏறி இறங்கும் மோட்டார். இடது கதவைத் துடைக்கும்போது அவன் நின்றுவிட்டான். ஜன்னலுக்குக் கீழே, வெளிப்புறத் தகட்டில், பெயிண்ட் போய்ப் பளபளவென்று ஒரு வட்டம்.

"இது துரு இல்ல சேட்டா. யாரோ தட்டித் தட்டித் தேஞ்சது" என்றான். தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. உடனே கையை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் சீனியம்மாளையும் ஏற்றிக்கொண்டு போய், பஜார் ரோட்டில் ரிவர்ஸ் கியர் போட்டேன்.

இடது கண்ணாடி மெதுவாக இறங்கியது.

நான் பொத்தானைத் தொடவில்லை. சீனியம்மாள் என் விரலையே பார்த்தாள். "என்னைப் பயங்காட்ட இப்ப மெசினு வேற வச்சாச்சா?"

அதன்பின் எங்கள் மூவருக்குள்ளும் சந்தேகம்தான் ஓடியது. எனக்கு ஷாபாஸின் ஒயரிங்மேல். ஷாபாஸுக்கு என் விரல்மேல். சீனியம்மாளுக்கு எங்கள் இருவர்மேலும். முன்னால் போகும்போது ஒன்றுமில்லை. ரிவர்ஸ் போட்டால் மட்டும் இறங்கும். இறங்கும்போது வண்டிக்குள் ஈரச் சாக்கும் சுக்கும் கலந்த வாசனை வரும். நாங்கள் சுக்கு ஏற்றியதே இல்லை.

ஷாபாஸ் ஒயரைப் பிடுங்கினான். அப்போதும் இறங்கியது.

"கறண்ட் இல்லாம எங்ஙனே சேட்டா?" பிடுங்கிய ஒயர் அவன் கையிலேயே இருந்தது.

சேவியருக்கு போன் போட்டேன். கண்ணாடி தானாக இறங்குவதைச் சொன்னேன்.

"கண்ணாடி போட்டாச்சா?" என்றார். பிறகு மெல்லச் சொன்னார். "லாசர் அந்த சீட்டில இருபத்திரண்டு வருஷம் இருந்தான், சேட்டா. என் கிளீனர். சுக்கு மூட்டை ஏத்துற ஆளு. கையை எப்பவும் வெளிய போட்டிருப்பான். கதவில ஒரு தட்டு தட்டினா நிக்கணும். ரெண்டு தட்டினா போகலாம். ஒரு மழைக்காலம் நான் கண்ணாடி போட்டேன். அவன் பின்னாடி பாக்க இறங்கினான். நான் ரிவர்ஸ் எடுத்தேன். அவன் தட்டியிருப்பான்... கண்ணாடி ஏத்தியிருந்துச்சு. எனக்குக் கேக்கல."

போனை வைத்துவிட்டார்.

சீனியம்மாளிடம் சொன்னேன். "அந்தாளும் உங்க கட்சிதானா?" என்றாள். அன்றே ஷாபாஸை வரவழைத்து மோட்டாரையே கழற்ற வைத்தாள். கண்ணாடியை மேலே ஏற்றி, கதவுக்குள் மரக்கட்டை இரண்டை முட்டுக்கொடுக்கச் சொன்னாள். நான் எதுவும் செய்துவிடக் கூடாதென்று மோட்டாரை முறுக்கு டின்னில் போட்டுத் தன் அடுக்களையில் பூட்டினாள்.

மூன்றாம் நாள் பகல் மூன்று மணி. வானம் கறுத்து, அரபிக்கடலையே கவிழ்த்ததுபோல் மழை. எங்கள் வீட்டுச் சந்தில் வண்டியைத் திருப்ப முடியாது. பின்னால் வந்துதான் டின் ஏற்ற வேண்டும். சீனியம்மாள் குடையோடு பின்னால் நின்று வழி சொன்னாள்.

"வாங்க... வாங்க..."

கண்ணாடி இரண்டும் மூடியிருந்தன. கூரைமேல் மழை இரைந்தது. அவள் குரல் தேய்ந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் குடையின் கறுப்பு தெரிந்தது. பிறகு தெரியவில்லை. ஓரமாக ஒதுங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

வண்டி பின்னால் நகர்ந்தது.

சுக்கு வாசனை.

டப்.

ஒரே தட்டு. இடது கதவில், வெளியிலிருந்து. தகடு அதிர்ந்தது என் முதுகெலும்பில் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன்.

இதில் கழிக்க ஒன்றுமில்லை. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் பார்த்தேன். இடது கண்ணாடி முழுதாக இறங்கியிருந்தது. சீட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது.

இறங்கி ஓடினேன். பாசியில் வழுக்கி, சீனியம்மாள் பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மல்லாந்து கிடந்தாள். குடை சக்கரத்துக்கு அடியில் நசுங்கியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது அவளுக்கு.

தூக்கி இடது சீட்டில் உட்கார வைத்தேன். ஈரச் சேலையோடு நடுங்கினாள். என் வாழ்நாளில் நான் வாயை மூடியிருந்த ஒரே ஐந்து நிமிடம் அதுதான்.

"நீ தட்டினியா, சீனி?" என்றேன் கடைசியில்.

பின்னால் ஏற்ற வேண்டிய டின்கள் வாசலில் காத்திருந்தன. கண்ணாடியை மேலே இழுக்கக் கை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொறந்தே கெடக்கட்டும்."

"முறுக்கு நமத்துரும்."

"நமத்துட்டுப் போகட்டும்."

சந்தில் ஆளில்லை. மழை மட்டும். அவளுடைய இரண்டு கைகளும் என் மணிக்கட்டில் இருந்தன.

டப். டப்.

சீனியம்மாள் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே, கோயிலில் பேசுவதுபோல் மெல்லச் சொன்னாள்.

"ரெண்டு தட்டிட்டாரு. வண்டிய எடுங்க."