இரவல் விரல்கள்

குக்கர் விசில் அடிக்கவில்லை.

ஆவி வந்தது. வெயிட் எழும்பி எழும்பி ஆடியது, பருப்பு நுரை மூடியின் ஓரமாக வழிந்து அடுப்பில் சொட்டிக் கருகியது. எல்லாம் வழக்கம்போல்தான் நடந்தது, சத்தம் மட்டும் இல்லை. பாண்டிலட்சுமி உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று பார்த்தாள். காலடியில் வெங்காயத் தோல் சரசரத்தது கேட்டது. மேலே மின்விசிறி கடகடத்தது கேட்டது. குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. அப்படியென்றால் காதில் கோளாறு இல்லை, குக்கரில்தான் கோளாறு. வாஷர் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்பை அணைத்தாள். வாஷர் போன குக்கரில் வெயிட் எப்படி ஆடும் என்று கேட்டிருக்க வேண்டிய மூளை அன்று காலையில் வேறொரு சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் காதுபொத்திக் கைலாசம். படங்கள் பேசத் தொடங்குவதற்கு முந்தைய காலத்துச் சிரிப்பு நடிகர். அவர் நடித்ததில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே முக்கால் நிமிடத் துண்டு ஒன்றுதான். அதில் கைலாசம் ஒரு திரியைப் பற்றவைப்பார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுக்குள் விட்டுக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் ஒரு வீடே இடிந்து விழும். அவர் எதுவும் தெரியாதவராகக் கண்ணைச் சிமிட்டாமல் நம்மைப் பார்த்துக்கொண்டே நடந்து வருவார். விருதுநகர் தபால் ஆபீசில் ஓய்வுபெற்ற நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி அந்தத் துண்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். வலைப்பதிவு எழுதும் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு 'கைலாசம் வாரம்' என்று அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒருவர் எழுத வேண்டும், அதை மற்ற ஆறு பேரும் தங்கள் பக்கத்தில் அப்படியே எடுத்துப் போட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

மூன்றாம் நாள் பாண்டிலட்சுமியின் முறை. வீட்டில் இருந்தபடியே சிவகாசி அச்சாபீசுகளுக்குப் பட்டாசு லேபிள் டிசைன் செய்துகொடுப்பவள் அவள். அவளிடம் இருந்த பழைய லேபிள் ஆல்பத்தில் 'காதுபொத்தி மார்க் சரவெடி' என்று ஒன்று ஒட்டியிருந்தது. மஞ்சள் கோட்டு, கறுப்புத் தலைப்பாகை, காதுக்குள் இரண்டு விரல்கள். சாட்சாத் கைலாசம். அதைப் படம் எடுத்துப் போட்டு நேற்றுச் சாயங்காலம் எழுதினாள். சிரிக்கச் சிரிக்கத் தொடங்கியவள் முடிக்கும்போது மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

மனசில் இருந்தது இதுதான். அவள் கணவன் மாரீஸ்வரன் நாரணாபுரம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து கலக்கிற ரூம் அவன் பொறுப்பு. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. இந்த ஊரில் எங்கே வெடித்தாலும் பெண்கள் முதலில் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள், எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள், பிறகு போனை எடுப்பார்கள். பாண்டிலட்சுமியும் எத்தனையோ தடவை அப்படி ஓடியிருக்கிறாள். கை அடுப்பில் இருந்தாலும் காது நாரணாபுரத்தில்தான் இருக்கும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அது அங்கேதான் காவல் கிடக்கும். அவளுக்கு அலுத்துவிட்டது. "கைலாசம் ஐயா, உங்கள் விரல் இரண்டையும் எனக்கு இரவல் கொடுங்கள். அந்தச் சத்தம் காதில் விழாமல் ஒரே ஒரு நாள் இருந்து பார்க்கிறேன்" என்று முடித்திருந்தாள்.

இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கருத்துகளைப் படித்தாள். சாத்தூரிலிருந்து சொர்ணலட்சுமி, "எனக்கும் ஒரு சோடி விரல் அனுப்பச் சொல்லுங்க அக்கா" என்று எழுதியிருந்தாள். பாண்டிலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனவள் கையை நிறுத்தினாள். செம்புக்குள் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. நடுங்கி அடங்கியது, மறுபடி நடுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அச்சாபீசில் கட்டிங் மெஷினின் கத்தி இறங்கும்போதெல்லாம் இப்படி நடுங்கும், கூடவே பல் கூசுகிற மாதிரி 'தடக்' என்று ஒரு சத்தமும் வரும். அந்தத் தடக்கைக் காணோம். சுவரில் காதை வைத்தாள். சுவர் அதிர்ந்து கன்னத்தில் இடித்தது. உள்ளே யாரோ பண்டல் எண்ணுகிற குரல் தெளிவாகக் கேட்டது. கத்தி மட்டும் ஊமையாக இறங்கியது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. புளித்துப்போன மைதாப் பசை வாடை. பழைய லேபிள்களின் முதுகில் அடிக்குமே, அதே வாடை இடது காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. காதுக்குள் குறுகுறுவென்று இருந்தது. சுண்டுவிரலை விட்டுக் குடையப் பார்த்தாள். விரல் நுனி உள்ளே போகவில்லை. உள்ளே ஏற்கெனவே எதுவோ இருந்தது.

பயந்து வாசலுக்கு வந்தாள். தெருவில் பளீரென்று வெயில். கம்பெனி பஸ் இரண்டாவது நடைக்கு ஆள் ஏற்ற வந்துகொண்டிருந்தது. நடுத்தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் வழிவிடவில்லை. டிரைவர் ஆரனில் உள்ளங்கையை வைத்து அழுத்துவதைப் பாண்டிலட்சுமி கண்ணால் பார்த்தாள். சைக்கிள்காரர் திடுக்கிட்டு ஓரத்துக்குத் துள்ளினார். எதிர்வீட்டுக் கருப்பம்மாள் காதைப் பொத்திக்கொண்டு டிரைவரைத் திட்டினாள். திட்டியது கேட்டது. இஞ்சின் உறுமியது கேட்டது.

ஆரன் கேட்கவில்லை.

உள்ளே வந்து போனை எடுத்தாள். நான்கு அழைப்புகள் தவறியிருந்தன. நான்கும் நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி. போன் இவ்வளவு நேரமும் மேசையில், கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. மணி முழுச் சத்தத்தில் வைத்திருந்தது. அவரைத் திருப்பிக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, எம்புட்டு நேரமா அடிக்கேன், எடுக்கவே மாட்டேங்கீக!"

"மணி அடிக்கவே இல்ல அண்ணாச்சி."

"சரி, அத விடுங்க. வாரத்துலயே ஒங்க பதிவுதான் டாப்பு. என் வீட்டம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், அழுதுட்டா. அந்த வரிசை இருக்கே! 'குக்கர் விசில், கட்டிங் மெஷின், கம்பெனி பஸ் ஆரன், என் போன் மணி, என் மகள் அம்மா என்று கூப்பிடுவது, என் வீட்டுக்காரர் என் பேரைச் சொல்வது, இவை எது கேட்டாலும் அதற்குப் பின்னால் அந்தச் சத்தம் வருகிறதா என்றுதான் என் காது தேடுகிறது.' எங்கன இருந்து பிடிச்சீக இத?"

பாண்டிலட்சுமி விரல்விட்டு எண்ணினாள். அவள் எழுதியதுதான், அதே வரிசை. முதல் நான்கும் போய்விட்டன. அந்தச் சத்தத்தையும் சேர்த்தால் இன்னும் மூன்று பாக்கி.

"அண்ணாச்சி, அந்தப் பதிவ எடுத்துருங்க. இப்பவே."

"எதுக்கும்மா?"

"எல்லார்கிட்டயும் சொல்லி எடுக்கச் சொல்லுங்க. ஒங்க கால்ல விழுந்து கேக்கேன்."

"ஆறு பேரு பக்கத்துல ஏறியாச்சேம்மா. ஆளுக்கொரு ஊர்ல வேலைக்குப் போயிருப்பாக, சாயங்காலந்தான் பாப்பாக. நீங்க கைலாசத்துக்கு மேல காமெடி பண்ணுதீக போங்க" என்று அவர் சிரித்தார்.

அவள் தன் பக்கத்தில் இருந்ததை அழித்தாள். மற்ற ஆறு பக்கங்களிலும் அது அசையாமல் இருந்தது. ஆல்பத்தை இழுத்துப் பிரித்தாள். மஞ்சள் கோட்டு இருந்தது. கறுப்புத் தலைப்பாகை இருந்தது. கோட்டுக் கைகள் மடங்கிக் காதுவரை போயிருந்தன. அதற்கு மேல் விரல்கள் இல்லை. இரண்டு மணிக்கட்டுகளும் மொட்டையாக நின்றன. காது இரண்டும் திறந்து கிடந்தன. நூறு வருடமாக எதையும் கேட்காதவர் இப்போது எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் போல் தலையைச் சாய்த்திருந்தார்.

ஆல்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டாள். உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "மருந்து ரூம்ல இருக்காருக்கா. சீசன் நேரம், இப்ப கூப்பிட முடியாது" என்று ஆபீஸ் பெண் வைத்துவிட்டாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. காலாண்டுப் பரீட்சை, அரை நாள்தான் பள்ளிக்கூடம். மகள் ஆர்த்தி பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நிலைப்படியில் நின்று வாயைத் திறந்தாள். உதடு ஒட்டியது. பிரிந்தது.

எதுவும் கேட்கவில்லை.

"கணக்கு ரொம்ப ஈசி" என்றாள் ஆர்த்தி. அது கேட்டது.

"ஏட்டி, என்னைக் கூப்பிடு."

உதடு ஒட்டியது. பிரிந்தது.

"இன்னொரு தடவ. சத்தமா."

பிள்ளை கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியது. முகம் சிவந்தது. எச்சில் தெறித்தது. அந்த ஒரு சொல் மட்டும் வரும் வழியிலேயே யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் இல்லாமல் போனது. பசை வாடை இப்போது இரண்டு பக்கமும் அடித்தது. பாண்டிலட்சுமி மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். அழ நேரமில்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. பிள்ளையைக் கருப்பம்மாளிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

இரண்டு கிலோமீட்டர். என்ன சொல்லி அவனை வெளியே கூப்பிடுவது? குக்கர் விசில் அடிக்கவில்லை, வாங்க என்றா? சிரிப்பான், சாயங்காலம் வாரேன் என்பான். ரூமில் அவனோடு நான்கு பேர், மற்ற மூவருக்கும் அவன்தான் பொறுப்பு. அவனை வெளியே இழுக்க ஒரே ஒரு பொய்தான் உண்டு. அதை நாக்கில் வைத்துக்கொண்டே போனாள். நாக்கு கசந்தது.

கேட்டில் வாட்ச்மேன் ஒச்சப்பன் எழுந்து வந்தார். "என்னம்மா இந்த நேரத்துல?"

"ஆர்த்தி மாடிப்படியில விழுந்துட்டா அண்ணே. மண்டையில அடி. அவுகள உடனே கூப்பிடுங்க."

ஒச்சப்பன் உள்ளே போனார். வேகமாகத்தான் போனார், ஆனால் ஓடவில்லை. அங்கே யாரும் ஓட மாட்டார்கள், சிந்திய மருந்தில் கால் உரசினாலே பற்றிக்கொள்ளும். பாதை ஓரத்தில் வேப்பமரத்துக்கு ஒன்றாக 'ஓடாதே' என்று சிவப்புப் பலகை அடித்திருக்கும்.

மாரீஸ்வரன் வந்தான். கைலியும் பருத்திச் சட்டையும் அலுமினியப் பொடியில் வெள்ளி பூசியதுபோல் மினுங்கின. முகம் வெளிறியிருந்தது. கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தான். உதடு ஒட்டிப் பிரிந்து அவள் பேரைச் சொன்னது.

எதுவும் கேட்கவில்லை.

ஆறும் போய்விட்டன.

"எங்க இருக்கா பிள்ள? பேச்சு மூச்சு இருக்கா?" என்றான். அது கேட்டது.

"இருக்கா. வாங்க. இப்பவே ஏறுங்க. போயிருவோம்."

"ஒரு நிமிசம். கலந்த மருந்து அப்படியே கெடக்கு. ஒப்படைக்காம வர முடியாது. உள்ள மூணு பேரு இருக்காக."

"வேண்டாங்க! உள்ள போகாதீக! பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, நான் பொய்தான்..."

அதற்குள் அவன் திரும்பிவிட்டான். மகளின் மண்டையில் அடி என்ற பேச்சு ஒரு தகப்பன் காதில் விழுந்த பிறகு வேறு எது விழும்? அவன் நடக்கவில்லை.

ஓடினான்.

சிவப்புப் பலகைகளைத் தாண்டி ஓடினான். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அங்கே ஓடாதவன் ஓடினான். பாண்டிலட்சுமி இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள். தன் கத்தல் தனக்கே கேட்டது. வளையல்கள் கம்பியில் மோதிக் கலகலத்தது கேட்டது. "ஓடாதீக! ஓடாதீக!"

அவன் ரூமுக்குள் நுழைந்தான். கதவு ஆடியது.

ஒரு மூச்சு நேரம்.

ரூமின் கூரை எழுந்தது. மெதுவாக, குக்கர் வெயிட் எழும்புவதுபோல் எழுந்தது. அதற்கடியில் வெள்ளையாக ஒன்று விரிந்தது. சுவர்கள் நான்கும் நான்கு பக்கமாகச் சாய்ந்தன. வேப்பமரத்தில் இலை இல்லை. ஒச்சப்பன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தார். கம்பியின் அதிர்வு அவள் தோள்வரை ஏறியது.

சத்தம் இல்லை.

ஒச்சப்பன் அழுவது கேட்டது. ஓட்டுச் சில்லுகள் மண்ணில் பொத்துப் பொத்தென்று விழுவது கேட்டது. வளையல் கேட்டது. புகைக்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

காதுக்குள் இரண்டு விரல்கள் இருந்தன. குளிர்ந்த விரல்கள். பின்னாலிருந்து, பதமாக, வலிக்காமல், குழந்தைக்குப் பொத்திவிடுவதுபோல் பொத்தியிருந்தன. பிடரியில் மைதாப் பசையின் மூச்சு பட்டது.

பாண்டிலட்சுமி குனிந்து பார்த்தாள். அவளுடைய கைகள் இரண்டும் கம்பியைத்தான் பிடித்திருந்தன.