புயல் நாளின் ஆயிரத்துப் பத்து

ஸாஜிதா கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீரூற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி, வவுனியாவிலிருந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அவளுடைய தாய் ஸுஹறாவின் கழுத்துக் கட்டிக்கு இருபத்தைந்து நாள் கதிர்ச் சிகிச்சை. இருபது நாள் முடிந்தபோது தோல் வெந்து உரிந்துவிட்டது.

"உம்மா எண்ணெய் பூசினதாலதான் வெந்ததெண்டு ஆஸ்பத்திரியில சொல்லினம். அவா பூசவே இல்லை, மிஸ். சொல்லிச் சொல்லி இப்ப அவாவே தன்னில பிழையெண்டு நம்பிட்டா. மிச்ச அஞ்சு நாளுக்கும் போகமாட்டன் எண்டு கிடக்கிறா. போகாட்டிக் கட்டி திரும்ப வருமாம்."

பரிசோதகர் அருந்ததி குறுக்கிடாமல் கேட்டாள். ஊர் திரும்ப இருந்த ஒரே பஸ்ஸைப் பகல் பன்னிரண்டிலிருந்து பத்து மணிக்கு மாற்றிவிட்டார்களாம். இரண்டாம் நாள் அதைத் தவறவிட்ட ஸுஹறா, பஸ் நிலைய வாங்கில் படுத்தெழும்பி மூன்றாம் நாள் சிகிச்சைக்குப் போனாராம். பஸ்ஸைப் பிடிக்க மறுநாளிலிருந்து வெள்ளனத் தொடங்கச் சொல்லிக் கெஞ்சியபோது, கருவியை இயக்கும் பிரஷாந்தினி சம்மதித்தாளாம்.

"நல்ல பிள்ளை. உம்மாவுக்குச் சுடுதண்ணியும் குடுக்கும்," என்றாள் ஸாஜிதா.

அலுவலக வானை ஓட்டிய சிவகரன், ஸாஜிதாவையும் ஏற்றிக்கொண்டு சிகிச்சை நிலையத்துக்குப் போகும் வழியிலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். "பௌதிகவியலாளர் ஐயாத்துரைதான், மிஸ். போனமுறை கண்டனான். முழிக்கிற முழி சரியில்லை."

"நீர் என்னையும் ஒருநாள் முழியில பிடிப்பீர்," என்றாள் அருந்ததி.

சிகிச்சை நிலையத்தில், கருவியின் கதிரளவுக்குப் பொறுப்பான ஐயாத்துரை எதையும் மறைக்கவில்லை. மாதாந்தச் சோதனையில் கருவி நூறு தரவேண்டிய இடத்தில் நூற்றுப் பன்னிரண்டு தந்தது. திருத்திவிட்டார். ஆனால் அது அன்றுதான் பழுதானது என்றார். ஆதாரமாகக் காலைச் சோதனைப் புத்தகத்தை நீட்டினார். தினமும் முதல் நோயாளிக்கு முன்னர் கருவியை இயக்குபவர் கதிரின் அளவை அளந்து எழுதுவது வழக்கம். முந்திய நாள்வரை நூறு, தொண்ணூற்றொன்பது, நூறு.

அருந்ததி அந்த நிரலைப் பார்க்கவில்லை. பக்கத்து நிரலில் காற்றழுத்தம் இருந்தது. அளக்கும் குடுவை காற்றுக்குத் திறந்தது. அழுத்தம் குறைந்து காற்று ஐதானால் அதன் கணக்குக் குறையும். அதனால் சுவரிலுள்ள அழுத்தமானியையும் பார்த்து எழுதித் திருத்த வேண்டும். ஸுஹறா வந்த முதல் மூன்று நாளும் 1007, 1009, 1006. நான்காம் நாளிலிருந்து ஆயிரத்துப் பத்து, ஆயிரத்துப் பதினொன்று, மாறி மாறி.

"சிவகரன், இரணைமடுக் குளத்துக் கதவு திறந்து எங்கட வான் வெள்ளத்தில நிண்டது எண்டைக்கு?"

"புயலண்டு. இருபத்தேழாம் திகதி, வியாழன். மறப்பனே, மிஸ்? தின்னப் பாணும் இல்லாமக் கிடந்தனாங்கள்."

சுவரில் அழுத்தமானியின் முள் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அது பழுதாகவில்லை.

பின்னேரம் ஐயாத்துரை, பிரஷாந்தினி, சிவகரன், ஸாஜிதா நால்வரையும் இயக்க அறைக்கு அழைத்தாள். ஸாஜிதா சுவரோடு நின்றாள்.

"புயலண்டு காலமை எங்கட அலுவலகத்து மானியில தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. வடக்கு முழுக்க அழுத்தம் விழுந்து கிடந்தது. கரண்ட் போக முதல் இஞ்ச நாலு பேருக்குக் கதிர் குடுத்திருக்கு. ஆனா புத்தகத்தில ஆயிரத்துப் பத்து. அண்டைக்கு ஒருத்தரும் இந்த மானியைப் பாக்கேல்லை. மானியைப் பாக்காத ஆள் கதிரையும் அளக்கேல்லை. கருவி ஒரே நாளில பழுதாகேல்லை. கொஞ்சங் கொஞ்சமா ஏறினது. கண்டவர் இல்லை."

சிவகரன் ஐயாத்துரையைப் பார்த்தான். அருந்ததி பிரஷாந்தினியைப் பார்த்தாள்.

"சோதனைக்கு நாப்பது நிமிசம் போகும், மிஸ்," என்றாள் பிரஷாந்தினி. "அதுக்குள்ள அஞ்சு சனம் பஸ்ஸை விட்டிடும். வருத்தக்காறச் சனம், வாங்கில கிடக்கும். கருவி ஒரு நாளும் பிழைச்சதில்லை எண்டு..."

அருந்ததி ஐயாத்துரையிடம் திரும்பினாள்.

"ஒவ்வொரு கிழமையும் இந்தப் புத்தகத்தில நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறியள், சேர். புயல் கிழமைக்கும்."

"நான் ஒருத்தன் மூண்டு ஆஸ்பத்திரி பாக்கிறன்," என்றார் ஐயாத்துரை.

"அதுவும் அறிக்கையில வரும். எண்ணெய்க் கதையை ஆர் சொன்னது?"

"கருவி சரியெண்டு நினைச்சு நான்தான் சொன்னது," என்றார் அவர்.

ஸாஜிதா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, உம்மா கேட்டபடியாலயோ?"

"அவா கேட்டது பஸ்ஸைப் பிடிக்க. சோதனையை விடச் சொல்லிக் கேக்கேல்லை."

"வெந்தது எண்ணெயால இல்லை எண்டு மட்டும் உம்மாவுக்குச் சொல்லுறன், மிஸ்."

அருந்ததி தலையசைத்தாள்.

அறிக்கை போனது. பிரஷாந்தினியைப் பணியிலிருந்து நிறுத்தினார்கள். ஐயாத்துரையிடம் விளக்கம் கேட்டார்கள். பஸ் நேரத்தை மாற்றுமாறு அருந்ததி எழுதிய வரி, 'எமது துறைக்கு உரியதல்ல' என்ற குறிப்புடன் திரும்பி வந்தது.

ஸுஹறா மீண்டும் சிகிச்சைக்கு வந்தார். மிகையாய்ப் போன கதிரைக் கணக்கிட்டு, மருத்துவர் மிச்ச ஐந்து நாளை மூன்றாக்கியிருந்தார். முதல் நாள் காலைச் சோதனை முறைப்படி நடந்தது. பத்து மணியாகியும் ஸுஹறாவின் முறை வரவில்லை. வெளியே பஸ் இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டுப் புறப்பட்டது.

"கருவியைப் பாத்திட்டினமா, மகள்?"

"ஓம், உம்மா. வடிவாப் பாத்திட்டினம்."

"அப்ப சரி." கழுத்துத் துணியை விலக்கிக்கொண்டு ஸுஹறா இயக்க அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அந்த நல்ல பிள்ளையைக் காணேல்லை. லீவோ?"

ஸாஜிதா சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து தாயிடம் கொடுத்தாள்.